சீட் கட்டிங்குக்கு முன்னால் ஒரு டீ

டேனரி ஜெனரேட்டர் காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. பேட்டரியில் குறையில்லை, டீசல் வருகிறது, இன்ஜின் சுற்றுகிறது. வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அடங்கிப் போகிறது. மெக்கானிக் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வால்வு சீட் போச்சு பாய், ஹெட்டைக் கழட்டணும்" என்கிறார். "பேஸ்ட் போட்டு அரைச்சா போதாதா?" என்பார் உரிமையாளர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இது பழைய பேச்சு. சில நேரம் போதும். பல நேரம் போதாது. ஏன் என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நசுக்கும்போது வால்வு ஓரமாகக் காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இதே கதைதான். அதனால் ஹெட்டில் கை வைக்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை நசுக்கும் கட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் ஏர் கிளீனரில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. சைலன்ஸரில் கேட்டால் புகைபோக்கி வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

சத்தம் சைலன்ஸரில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அங்கேதான் வரும்.

வால்வு சீட்டை எல்லோரும் கதவுநிலை மாதிரிதான் நினைக்கிறார்கள்: வால்வு வந்து உட்கார்ந்து அடைக்கிற இடம் என்று. அது பாதி வேலைதான். எரிந்த புகை உரசிக்கொண்டு போகும் வால்வின் தலை 600, 700 டிகிரி வரை காயும். அந்தச் சூடு வெளியேற இருப்பது இரண்டே வழி. கொஞ்சம் தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகிறது. பெரும்பங்கு, ஏறக்குறைய முக்கால் பங்கு, சீட்டைத் தொடும் அந்த மெல்லிய வளையம் வழியாக ஹெட்டுக்குள் இறங்கி, அங்கே ஓடும் தண்ணீரில் கரைகிறது. ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது. வால்வு 750 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சீட்டில் அது உட்கார்ந்திருப்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் ஆறியாக வேண்டும். ஓர் ஓரத்தில் கரித்துகள் சிக்கி வால்வு முழுதாக உட்காராவிட்டால், அந்த இடத்தில் சூடு இறங்காது; போதாக்குறைக்கு இடுக்கு வழியாகத் தீயும் பாயும். சில வாரங்களில் வால்வின் விளிம்பை அது அரித்துத் தின்றுவிடும். எரிந்த வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் கடித்தெடுத்த மாதிரி இருக்கும்.

சீட்டின் அகலத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்ப்பது இதனால்தான். டபரா அகலமாக இருந்தால் டீ சீக்கிரம் ஆறும். அதுபோல சீட் அகலமாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அகலத்தில் பரவிப்போவதால், இடையில் சிக்கும் கரி நசுங்காமல் அங்கேயே தங்கிவிடும். குறுகலாக வைத்தால் கரி பொடியாகும், ஆனால் சூடு தேங்கும். இழுக்கும் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், புகைபோக்கிப் பக்கம் இரண்டு என்பது பொதுவான நடுவழி. உங்கள் இன்ஜினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் வேதம்.

இனி நம் ஊர்ச் சமாசாரம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்குகிறது. பல பத்தாண்டுகளாக அது பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஜெனரேட்டர் ஷெட்டில் யாரும் நடத்துவதில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வாட்ச்மேன் பக்கத்து போர் குழாயிலிருந்து ஒரு பக்கெட் பிடித்து ஊற்றுகிறார். உப்பு இரும்பை அரிக்கிறது; கடினநீரின் சுண்ணாம்பு, ஹெட்டில் எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது புகைபோக்கி சீட்டைச் சுற்றியே, முதலில் படிகிறது. சூட்டைக் கடத்துவதில் அந்தப் படிவுக்கு வார்ப்பிரும்பின் திறனில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. தண்ணீர் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனாலும் சூடு அதைச் சென்று சேர்வதில்லை. சீட் வட்டம் கோணுகிறது. சில ஹெட்டுகளில் இரண்டு வால்வுக்கும் நடுவிலுள்ள பாலத்தில் விரிசலே விடுகிறது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை சீட் வெட்டினாலும் மெக்கானிக் வீட்டுக்குத்தான் விசேஷம்.

ஜெனரேட்டரை லோடு இல்லாமல் மணிக்கணக்கில் ஓடவிடுவதும் உதவாது. உள்ளே போதிய சூடு ஏறாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, கரியும் பிசினுமாக வால்வில் ஒட்டும்.

பட்டறைக்கு வந்த ஹெட்டில் முதலில் தண்ணீர் அறைகளைச் சுத்தம் செய்து விரிசல் பார்க்க வேண்டும். அடுத்தது சீட் அல்ல, கைடு. சீட் கட்டரின் நடுத்தண்டு கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு தேய்ந்து ஆடினால், கட்டர் வெட்டும் வட்டம் வால்வின் மையத்தோடு ஒட்டாது. பழைய கைடை வைத்துக்கொண்டு சீட்டை மட்டும் புதுசாக்கித் தருகிறேன் என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

பிறகுதான் வெட்டு. உட்காரும் முகம் பெரும்பாலான பழைய இன்ஜின்களில் 45 டிகிரி. அதை வெட்டியபின் மேலே 30 டிகிரி கட்டர், கீழே 60 டிகிரி கட்டர் என்று இரு பக்கமும் லேசாகச் சீவி, வளையத்தை வேண்டிய அகலத்துக்கும் வால்வு முகத்தின் நடுப்பகுதிக்கும் கொண்டுவருவார்கள். வால்வையும் மெஷினில் பிடித்து அரைக்க வேண்டும். அரைத்தபின் தலையின் விளிம்பு கத்தி மாதிரி மெலிந்துவிட்டால் அந்த வால்வு வேண்டாம். மெல்லிய விளிம்புதான் முதலில் எரியும்.

பேஸ்டின் இடம் இங்கேதான், கடைசியில், மெல்லிய வகை, நாலைந்து திருப்பு. குழி விழுந்த சீட்டைப் பேஸ்ட் போட்டே சமன்செய்யப் பார்த்தால் வால்வு முகத்திலும் பள்ளம் விழும், வளையமும் அகன்றுபோகும். துடைக்காமல் விட்ட பேஸ்ட் புதுக் கைடையும் தின்னும். முடிந்ததும் நீல மையைப் பூசி வால்வை உட்காரவைத்து எடுத்தால் சுற்றிலும் அறாத ஒரு வளையம் தெரிய வேண்டும். ஸ்பிரிங் மாட்டியபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் சொட்டக் கூடாது.

ராஜ்கோட்டில் வார்த்த லிஸ்டர் மாதிரி எண்ணெய் இன்ஜின்களில் சீட் தனி வளையமாக இருக்காது, ஹெட்டின் இரும்பிலேயே வெட்டியிருக்கும். பலமுறை வெட்டினால் வால்வு உள்வாங்கிப் போகும். எரியும் அறை பெரிதாகிக் கம்ப்ரஷன் குறையும். அப்போது அந்த இடத்தைக் குடைந்து கடின உலோக வளையம் ஒன்றை இறக்க வேண்டும். குடைந்த துளையைவிட வளையம் ஒரு முடி அகலமளவு பெரிதாக இருக்கும். வளையத்தைக் குளிரவைத்து, ஹெட்டைச் சூடாக்கி, ஒரே அழுத்தில் இறக்கினால் பிறகு அசையாது. குளிராத வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் சுவர் சுரண்டப்பட்டு, பின்னொரு நாள் வளையம் கழன்று பிஸ்டன்மேல் விழும். அன்றைக்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய இன்ஜினே வாங்கலாம்.

சீட் வெட்டினால் வால்வு கொஞ்சம் உள்ளே போகும், தண்டின் வால் அந்த அளவுக்கு வெளியே வரும். அந்த வாலுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளி குறையும். கவனிக்காமல் மூடினால், இன்ஜின் சூடாகித் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. புதுச் சீட்டும் பழைய கதைக்கே திரும்பும். ஆகவே ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி இறுக்கி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அமைக்க வேண்டும். ரேடியேட்டரில் ஆர்.ஓ. தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள், ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதுவும் இரும்பை அரிக்கும். கொஞ்ச நாள் லோடில் ஓட்டியபின் டேப்பெட்டை ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். புதுச் சீட் அமர்ந்து இடைவெளி இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். பில்லில் அதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள், தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.