இழுவைப் பெட்டி பூட்டும் பிக்கப் வண்டிக்குப் புதிய டயர் தெரிதல்

மலைநாட்டு மரக்கறி விளைச்சலில் பெரும்பகுதி, தோட்டத்திலிருந்து சந்தையை அடையும்வரை வண்டியின் டயர்களை நம்பியே செல்கின்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலும், ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஏற்றிய வண்டி, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினாலும், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கினாலும், ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியே ஆகவேண்டும். திரும்புகையில் அதே வண்டி உரமூட்டைகளையும் விதைக்கிழங்கையும் சுமந்து, டிரெயிலர் என வழங்கும் இழுவைப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஏறுகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மோட்டார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய பிக்கப் வண்டிகளைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியதாயிற்று. இத்தகைய வண்டிகளுக்கு டயர் மாற்றும்போது விலையையும், மேற்பட்டை பார்வைக்கு முரடாக இருப்பதையும் மட்டும் நோக்கி வாங்குவோர் பலர். டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்ட பார எண்ணே முதலிற் பார்க்கத்தக்கது.

இழுவைப் பெட்டியின் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்குகின்றன என்று கருதுவது தவறு. பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதன் கழுத்து வழியாக வண்டியின் கொளுக்கியில் அழுந்துகின்றது. கொளுக்கி பின்னச்சுக்கும் அப்பால் இருப்பதால், அது நெம்புகோல்போல் தொழிற்பட்டு, முன்சக்கரங்களைச் சிறிது தூக்கிப் பின்சக்கரங்களை மேலும் அழுத்துகின்றது. பெட்டியும் சுமையும் சேர்ந்து 1,000 கிலோகிராம் எனவும், கொளுக்கியில் அழுந்துவது 100 கிலோகிராம் எனவும் கொள்வோமாயின், அச்சுகளின் இடைத்தூரம் 3 மீற்றரும், பின்னச்சிலிருந்து கொளுக்கி வரையுள்ள தூரம் 1.2 மீற்றருமான வண்டியில், பின்னச்சின்மேல் ஏறும் பாரம் 140 கிலோகிராமாகும். முன்னச்சில் 40 கிலோகிராம் குறையும். வெறும் வண்டியின் பின்னச்சுப் பாரம் 600 கிலோகிராமும், அதன்மேல் ஏற்றிய மூட்டைகள் 700 கிலோகிராமும் ஆனால், மொத்தம் 1,440 கிலோகிராம். ஒவ்வொரு பின்டயரும் 720 கிலோகிராம் சுமக்கவேண்டும்.

இனிப் பார எண்ணை நோக்குக. 185 ஆர் 14 சி என்ற அளவுடைய பாரவண்டி டயர் பலவற்றில் 102/100 எனக் காணப்படும். 102 என்பது ஒரு டயர் 850 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண்ணாகிய 100, லொறிகளிற்போல் ஒரே பக்கத்தில் இரட்டைச் சக்கரம் பூட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் 800 கிலோகிராமைக் குறிப்பது; பிக்கப் வண்டிக்கு அது வேண்டியதில்லை. 95 என்றால் 690, 91 என்றால் 615, 88 என்றால் 560 கிலோகிராம். மேற்கூறிய வண்டிக்கு 88 எண்ணுடைய கார் டயரைப் பூட்டினால், ஒவ்வொரு பின்டயரும் தன் வலிமைக்கு மேல் 160 கிலோகிராம் சுமக்கும். அத்தகைய டயர் அன்றே வெடித்துவிடாது. பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, உள்ளிழைகள் தளர்ந்து, சில மாதங்களின் பின் ஏதோவோர் இறக்கத்தில் பிளக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் வெப்பமும் சக்கர வளையம் வழியாக டயருக்கு ஏறுவதால் இவ்வாபத்து அங்கே மிகுதி. எடைமேடை உள்ள இடத்தில், பெட்டியையும் சுமையையும் பூட்டிய நிலையிலேயே, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது மிக நன்று. கணக்கைவிட அது திருத்தமானது.

பார எண் கூறும் வலிமை, டயரில் குறித்துள்ள முழுக் காற்றழுத்தம் இருக்கும்போதே கிடைக்கும். மேற்சொன்ன வகை டயர் பலவற்றில் அது சதுர அங்குலத்திற்கு 65 இறாத்தல். கார் டயருக்குரிய 30 இறாத்தலை இதற்கும் அடித்து ஓட்டுவோர், நல்ல டயரை விலை கொடுத்து வாங்கியும் பயன் பெறார். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். தம்புள்ளைக்கு இறங்கியபின் அளந்தால் வெப்பத்தால் அழுத்தம் கூடியிருக்கும். அதனைக் கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது.

வண்டிக்குக் குறித்த அளவிற் பெரிய டயரைப் பூட்டும் ஆசை இளைஞரிடையே காணப்படுகின்றது. டயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால், சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ அதே அளவு குறையும். சுமையோடு றம்பொடை ஏற்றத்தில் இது கிளச்சைத் தேய்க்கும். வேகமானியும் உண்மையிற் குறைவாகக் காட்டும்.

மேற்பட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். சேற்று நிலத்திற்கென அமைந்த, தடித்த கட்டைகளையும் அகன்ற இடைவெளிகளையும் கொண்ட டயர், வயற்கரையிலும் தோட்டத்து மண்பாதையிலும் நன்கு பிடிக்கும். நனைந்த தார்ப்பாதையிலோ அதன் பிடிப்புக் குறைவு. மலைநாட்டு வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார்ப்பாதை. மழையும் மூடுபனியும் இங்குப் பல மாதங்களுக்கு உண்டு. ஆதலின், தோளில் கட்டைகளும் நடுவில் நெருங்கிய வரிகளும் உடைய இடைத்தர வகையே பொருந்தும். தோட்டத்தினுள் கடைசி அரை மைல் சேறாயின், மழை நாட்களில் அவ்வளவிற்குச் சங்கிலி கட்டிக்கொள்வது மலிவு.

இரண்டு புதிய டயர்களே வாங்க முடிந்தால் அவற்றை எங்கே பூட்டுவது? திருப்புவது முன்சக்கரம் என்பதால் முன்னே பூட்டுவதே வழக்கம். இழுவைப் பெட்டி பூட்டும் வண்டிக்கு அவ்வழக்கம் ஆகாது. இறக்கத்து வளைவில் பெட்டி பின்னிருந்து தள்ளும். தேய்ந்த பின்டயர்கள் ஈரத்தில் வழுக்கினால் வண்டியின் பின்புறம் விலகி, பெட்டியும் வண்டியும் கத்திபோல் மடங்கும். முன்டயர் வழுக்கினால் ஓட்டுநர் கைப்பிடியில் உணர்வார். பின்டயர் வழுக்குவதை உணரும்போது காலம் கடந்துவிடும். நானுஓயாவில் ரதெல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ், வேன், முச்சக்கரவண்டி ஆகியன மோதி எழுவர் உயிரிழந்ததை இப்பகுதியார் மறந்திலர். அங்கே இழுவைப் பெட்டி எதுவும் இல்லை. ஆயினும் இம்மலை இறக்கங்கள் எத்தன்மையன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எனவே புதியவை பின்னே செல்லவேண்டும். முன்னே நிற்பவையும் மொட்டையாக இருத்தலாகாது. வரிப்பள்ளங்களின் அடியில் குறுக்கே நிற்கும் 1.6 மில்லிமீற்றர் மேடு மேற்பட்டையோடு சமமாகிவிட்டால் அந்த டயரைக் கழிக்கவேண்டும். ஒரே அச்சில் ரேடியல் டயரையும் குறுக்கிழை டயரையும் கலந்து பூட்டலாகாது.

கடையில் நெடுநாள் கிடந்த டயர் பளபளப்பாகவே தோன்றும். பக்கச் சுவரில் சிறு முட்டை வடிவக் கட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் உண்டு. 2324 என்றிருப்பின் அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. சில ஆண்டுகள் பழையதைப் புதியதன் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இழுவைப் பெட்டியின் டயர்களையும் மறக்கலாகாது. மேற்கூறிய பெட்டியில் 900 கிலோகிராம் இரு சக்கரங்களில் இறங்குவதால் ஒவ்வொன்றுக்கும் 450 கிலோகிராம். பாதை ஒருபுறம் சாய்ந்தால் தாழ்ந்த பக்கத்திற்கு இன்னும் கூடும். பிக்கப்பின் பின்னச்சுக்கு ஆகாதென விலக்கிய 88 எண் டயர் இங்கே போதுமானது. மேற்பட்டை புதுப்பித்த டயரையும், பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இல்லாவிடின், பெட்டிக்குப் பயன்படுத்தலாம். வண்டியின் முன்சக்கரத்திற்கு அதனை ஒருபோதும் பூட்டலாகாது. வண்டிக்கும் பெட்டிக்கும் சக்கர வளையம் வேறுபடுமாயின், மேலதிகச் சக்கரமும் இரண்டு வேண்டும். டயர் மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும், எல்லாச் சக்கரங்களின் நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும்.