மழைநீரைத் தெளிவிக்கும் மண்ணும் வேரும்

வடகிழக்குப் பருவமழையில் தெருநீர் எண்ணெய்ப் பிசுக்கையும் சாணத்தையும் கிருமிகளையும் வாரிச் செல்கிறது. தஞ்சையில் 16-ஆம் நூற்றாண்டில் அமைந்த சேவப்பநாயக்கன் ஏரியில் மழைநீர் தங்கி வண்டல் படிந்தது. தெளிந்த நீரே சிவகங்கைக் குளத்தை அடைந்தது.

இதனை நாம் வீட்டிலும் சிறிய அளவில் செய்யலாம். நம் வட்டாரக் களிமண் நீரை எளிதில் உள்வாங்காது. ஆகவே தாழ்வான இடத்தில் மணல் மிகுதியாகக் கலந்த மண்ணை நிரப்பிக் கல்வாழை நடுவோம். மண் அழுக்கைத் தடுக்கும். வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். பாத்தி கிணற்றுக்கு அருகில் வேண்டா. நீர் ஒரு நாளில் வடிய வேண்டும். ஒரு வாரம் தேங்கினால் கொசு பெருகும்.

வடிந்த நீர் குடிப்பதற்கு உரியதன்று. நோயினின்று மீண்டு இல்லம் திரும்புவோர்க்குக் காய்ச்சி ஆறவைத்த நீரையே அளிப்போம்.