ஏர்பேக் லைட் அணையலையா? பெட்டியை மாத்தும் முன் பியூசை பாருங்க!

திருச்சி:

சாவியை திருப்பியதும் மீட்டரில் சிவப்பாக ஒரு லைட் எரியும். பெல்ட் போட்ட ஆள், முன்னால் உருண்டையாக ஒரு பந்து. சில வினாடிகளில் அது அணைந்து விட வேண்டும். அணையாமல் நின்றால், விபத்து நடக்கும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம்.

ஸ்ரீரங்கத்துக்கு பக்தர்களை ஏற்றி வரும் டாக்சி, காவிரி பாலத்தில் ஊர்ந்து போகும் சொந்த கார் எல்லாவற்றிலும் இதே கதைதான். வண்டிதான் ஓடுதே, ஏ.சி.யும் வேலை செய்யுதே என்று லைட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புது கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம்.

பேசாத பெட்டி

லைட் எரிந்தால் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுவார். அதில் 'பி' என்று தொடங்கும் நம்பர் வந்தால் பெரும்பாலும் ஏர்பேக் சர்க்யூட்டிலேயே கோளாறு. 'யு0151' என்று வந்தால் விஷயம் வேற. ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் பெட்டியோடு பேச்சு நின்று போச்சு என்று மற்ற பெட்டிகள் புகார் சொல்லுகின்றன என்று அர்த்தம். போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வருகிற மாதிரி. போனே கெட்டுப் போச்சு என்று அர்த்தம் இல்லையே!

இங்கேதான் பலர் அவசரப்பட்டு, பெட்டியை மாற்றி பணத்தை விடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பியூஸ். அடுத்து பெட்டிக்கு கரண்ட் வருதா, எர்த் சரியா என்பது. பல கார்களில் இந்த பெட்டி முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையில் இருக்கும். தேங்கிய மழைத் தண்ணீரில் வண்டியை விட்டாலோ, வாட்டர் வாஷில் தரை விரிப்பு நனைந்தாலோ கனெக்டர் பச்சை பிடித்து விடும்.

பிறகுதான் ஒயர். பெட்டிகள் பேசிக்கொள்வது முறுக்கிய 2 ஒயர்களில். பேட்டரியை கழற்றி, ஸ்டியரிங்குக்கு கீழே உள்ள சாக்கெட்டில் 6, 14-வது பின்களில் மீட்டர் வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம்ஸ் காட்டணும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கு. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட்.

மஞ்சள் ஒயர் ஜாக்கிரதை!

ஏர்பேக்குக்கு போகும் மஞ்சள் ஒயரில் மட்டும் மீட்டரோ, டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. முகத்திலேயே வெடிக்கும். பேட்டரியை கழற்றினாலும் பெட்டிக்குள் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும். கம்பெனி சொன்ன நேரம் காத்திருக்கணும்.

பெட்டியே கெடுவதும் உண்டு. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி நிறுவனம் 17 ஆயிரத்து 362 கார்களை திரும்ப அழைத்து, ஏர்பேக் கண்ட்ரோலரை இலவசமாக சோதித்து மாற்றித் தந்தது. அதனால் காசு கொடுக்கும் முன் உங்க வண்டிக்கு அப்படி அழைப்பு இருக்கா என்று ஷோரூமில் சேஸ் நம்பரை சொல்லி கேளுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். சிலர் இந்த பல்பையே பிடுங்கி விடுகிறார்கள். சாவியை திருப்பியதும் ஏர்பேக் லைட் எரியவே இல்லையா? ஸ்கேனர் மாட்டி பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.