விலாவுக்குக் கீழே ஓடும் நரம்பு

காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் காலை அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். மார்பை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாக்கள் விரிகின்றன, தையல் இழுபடுகிறது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டு, இருமலையும் அடக்கினால் சளி தேங்கும். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியா வரை போகலாம். மார்ஃபின் வலியைத் தணிக்கும்தான். ஆனால் அளவு கூடினால் மூச்சையே மந்தமாக்கிவிடும்.

அதனால் மயக்க மருத்துவர்கள் வலி வரும் பாதையையே மரத்துப்போக வைக்கிறார்கள். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள் முதுகெலும்புகளுக்கு இடையே வெளியேறி, விலாக்களின் கீழ்விளிம்பை ஒட்டி மார்பைச் சுற்றி வருகின்றன. மருந்தை இந்தப் பாதையில் எங்கே வைப்பது? முறைகள் வேறுபடுவது அதில்தான்.

தண்டுவட உறைக்குச் சற்று வெளியே வைப்பது எபிடியூரல். ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடல் பாஜெஸ் 1921-இல் முதுகின் கீழ்ப்பகுதியில் இதைச் செய்து எழுதினார். மெல்லிய குழாய் வழியே நாள்கணக்கில் மருந்து கொடுக்கலாம் என்பதால், மார்பு அறுவைக்கு நெடுங்காலம் இதுவே முதலிடத்தில் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் மரத்துப்போகும். ரத்த அழுத்தம் இறங்கும். சிறுநீர் பிரியாமல் சிலர் திணறுவார்கள். அரிதாக அங்கே ரத்தம் கசிந்து கட்டினால் தண்டுவடம் நசுங்கும்.

சற்றுத் தள்ளி, நரம்பு முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில் வைப்பது பாராவெர்டிப்ரல். 1905-இல் ஜெர்மனியின் ஹூகோ செல்ஹைம் தொடங்கிய இந்த முறை பிறகு மறக்கப்பட்டு, 1979-இல் ஈசன், வையட் இருவரால் மீண்டது. அறுத்த பக்கம் மட்டும் மரத்துப்போவதே இதன் பலம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2006-இலும் 2016-இலும் அலசினார்கள். வலி தணிவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ரத்த அழுத்தம் இறங்குவதும் சிறுநீர்த் தொல்லையும் பாராவெர்டிப்ரலில் குறைவு. ஊசி நுரையீரல் உறையைத் துளைக்கும் ஆபத்து உண்டு என்றாலும், அல்ட்ராசவுண்ட் வந்தபின் ஊசிமுனையைத் திரையில் பார்த்தே செலுத்துகிறார்கள்.

விலா நரம்பிலேயே, மார்பு திறந்திருக்கும்போதே அறுவை மருத்துவர் ஊசி போடலாம். எளிதுதான், சில மணி நேரமே தாங்கும். அங்கிருந்து மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலப்பதால் அளவில் கவனம் வேண்டும்.

2016-இல் அறிமுகமான எரெக்டர் ஸ்பைனே முறையில், முதுகுத் தசைக்கு அடியில் மருந்து செலுத்தப்படுகிறது. தண்டுவடத்துக்கும் நுரையீரலுக்கும் தள்ளியிருப்பதால் பயம் குறைவு. ஆனால் மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பரவுவதில்லை.

ஒரு பக்க நுரையீரல் அறுவைக்கு, கைதேர்ந்த மருத்துவர் இருந்தால் பாராவெர்டிப்ரலே பலருக்கும் பொருத்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இருமும்போது வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள்.