ஐந்தாம் ஆண்டில் என்ன இருக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் வாங்க வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். முதுநிலைக்கு மேலும் 30. இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவர் 150 கிரெடிட்டையும் முழுதாகப் படித்தாக வேண்டும். நடுவில் விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், காத்திருப்பு என்று சில மாதங்கள் கரைந்துபோகும். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ‘நான்கு கூட்டல் ஒன்று’ திட்டத்தில் இந்தக் கணக்கு சுருங்குகிறது. நான்காம் ஆண்டில் எடுக்கும் முதுநிலைப் பாடங்களில் இரண்டு மூன்றை இரு பட்டங்களின் கணக்கிலும் எழுதிக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி உண்டு. மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்று என்றால் 9 கிரெடிட் மிச்சம். 150 என்பது 141 ஆகிறது. பள்ளியிலேயே கல்லூரித் தரத்து ‘ஏ.பி.’ தேர்வு எழுதி, கணிதத்திலும் கணினியிலும் கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழைகிறவர்கள் இன்னும் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களின் கையேடுகள் இந்தக் கால மிச்சத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. மிச்சமாகும் காலத்தைவிடக் கூடுதலாகப் படிக்கும் ஆண்டுதான் முக்கியம். அந்தக் கடைசி ஆண்டில் மாணவர் செய்யப்போவது என்ன? ஒரே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு நடக்கும் திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்கான விடை இடத்துக்கு இடம் மாறுவது தெரியும்.

ஜார்ஜியா டெக்கில் நல்ல மதிப்பெண் சராசரி உள்ள மாணவர் 6 கிரெடிட் வரை இரு பட்டங்களுக்கும் எண்ணிக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டில் இத்திட்டத்துக்கு ‘கோடெர்ம்’ என்று பெயர். அங்கே கணக்குக் கறாரானது. இளநிலைக்கு 180 யூனிட், முதுநிலைக்கு 45 யூனிட். ஒரு யூனிட்டைக்கூட இரண்டு பக்கமும் காட்ட முடியாது. மாணவருக்குக் கிடைப்பது பாடச் சலுகை அல்ல. தெரிந்த பேராசிரியர்கள், பழகிய ஆய்வகம், ஊர் மாறாத வசதி ஆகியவைதான். அதற்காகவே அங்கு இடம் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

எம்.ஐ.டி.யின் கதை வேறு. அங்கே மின்பொறியியல், கணினி அறிவியல் துறையின் தலைவராக பால் பென்ஃபீல்ட் இருந்த 1990களில் எம்.இங். என்ற ஐந்தாண்டு முதுநிலைப் பொறியியல் படிப்பு கொண்டுவரப்பட்டது. காலத்தை மிச்சப்படுத்துவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. சுற்றுகளும் சிக்னல்களும் தெரிய வேண்டும், நிரலும் அல்காரிதமும் தெரிய வேண்டும், கட்டமைப்பும் தெரிய வேண்டும் என்றால் நான்கு ஆண்டுக்குள் ஒரு பொறியாளரை உருவாக்க முடியாது என்பதுதான் அப்போது எழுந்த கவலை. அதனால் முதுநிலைப் பட்டம் தன் சொந்த இளநிலை மாணவர்களுக்கு மட்டும் என்று வைத்து, ஐந்தாம் ஆண்டில் ஆய்வேட்டைக் கட்டாயமாக்கினார்கள். இதில் ‘சிக்ஸ்-ஏ’ என்றொரு கிளையும் உண்டு. நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே அங்குள்ள சிக்கல் ஒன்றையே ஆய்வேடாக எழுதும் வழி அது. அந்த ஏற்பாடு 1917இலேயே தொடங்கியது. கணினி என்ற எந்திரம் பிறப்பதற்கு முன்பே.

முதுநிலைப் பாடம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் எம்.ஐ.டி.யிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 6.824 என்ற எண்ணால் பிரபலமாகி இப்போது 6.5840 என்று அழைக்கப்படும் பகிர்ந்தியங்கும் கணினி அமைப்புகள் வகுப்பு அது. முதுநிலைப் பாடம்தான், இளநிலை மாணவர்களும் நிறையப் பேர் உட்காருகிறார்கள். பாடப்புத்தகத்தை நம்பி அங்கே போக முடியாது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு வர வேண்டும். கூகுள் பொறியாளர்கள் 2004இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரையில் தொடங்குவார்கள். பிறகு ‘கோ’ மொழியில் ஆய்வகப் பயிற்சிகள். அவற்றில் ராஃப்ட் என்ற உடன்பாட்டு முறையை நிரலாக எழுதும் பயிற்சிதான் ஆளைச் சோதிப்பது. பல கணினிகள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நடுவில் ஒன்று செயலிழக்கும், செய்திகள் தொலையும், வலைப்பின்னல் இரண்டாக உடையும். எழுதிய நிரல் பத்துத் தடவை சரியாக ஓடிவிட்டு, முந்நூறாவது தடவை விழும். ஏன் விழுந்தது என்று பல்லாயிரம் வரிப் பதிவுகளில் தேடிக்கொண்டு மாணவர்கள் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். இளநிலைத் தேர்வுகள் பெரும்பாலும் விடை இருக்கும் கேள்விகளைக் கேட்கின்றன. இங்கே பிழை இருக்கிறதா என்பதே மாணவருக்கு நிச்சயமாகத் தெரியாது. ஐந்தாம் ஆண்டு என்பது இப்படிப்பட்ட பாடங்களாலும் ஓர் ஆய்வேட்டாலும் நிரம்பியிருந்தால் அந்தப் பட்டம் தன் பெயருக்கு உரியது. இன்னும் நல்ல செய்தி, இந்த வகுப்பின் கட்டுரைப் பட்டியல், பயிற்சிகள், விரிவுரைக் காணொளிகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோவையிலோ கோவில்பட்டியிலோ இருக்கும் மாணவி இன்றே தொடங்கலாம்.

அமெரிக்கா இரண்டு பட்டங்களை ஒன்றாகத் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஐரோப்பா நேர்மாறான வேலையைச் செய்தது. ஜெர்மனி போன்ற நாடுகளில் முன்பு ஐந்தாண்டுத் தொடர்படிப்பாக இருந்த ‘டிப்ளோம்’ பட்டத்தை, 1999இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட, உயர்கல்வி பற்றிய போலோன்யா அறிக்கைக்குப் பிறகு, மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை என்று பிரித்தார்கள். இங்கிலாந்து இன்னொரு வழி. ஆக்ஸ்ஃபோர்டில் கணினி அறிவியலை மூன்று ஆண்டில் பி.ஏ.யாகவும் முடிக்கலாம், நான்கு ஆண்டில் எம்.காம்ப்.சை. என்ற முதுநிலைப் பட்டமாகவும் முடிக்கலாம். சேரும்போதே முடிவெடுக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் இந்தத் தொடர்படிப்பின் பின்னால் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது. தொடர்படிப்பின் நான்காம் ஆண்டும் இளநிலைப் படிப்பாகவே கருதப்படுகிறது. 2017 முதல் பல ஆண்டுகள் உள்நாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 9,250 பவுண்டு என்று வரம்பு கட்டியிருந்த அதே கட்டணமும் அதே கல்விக்கடனும் அந்த ஆண்டுக்கும் பொருந்தும். தனியாக முதுநிலை சேர்ந்தால் அந்த வரம்பு கிடையாது. முதுநிலைக்கென்று அரசுக் கடன் வந்ததே 2016இல்தான்; தொடக்கத்தில் அது அதிகபட்சம் 10,000 பவுண்டு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு வேறுபாடே படிப்பைத் தீர்மானித்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு எதிர்த்திசையில் காற்றடிக்கிறது. ஏழை மாணவர்களுக்கான பெல் மானியம் இளநிலைக்கு மட்டுமே. படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் கடன், முதுநிலை மாணவர்களுக்கு 2012 ஜூலையோடு நின்றுவிட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டம், முதுநிலை மாணவர் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த ‘கிராட் பிளஸ்’ கடனை, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு இல்லாமல் செய்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 12 காலாண்டுகள் கடந்ததும் கோடெர்ம் மாணவர் முதுநிலைக் கட்டணப் பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். ஆகவே எந்த செமஸ்டரிலிருந்து தன்னை ‘முதுநிலை மாணவர்’ என்று பதிவு செய்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பறை மாறாது, ஆசிரியர் மாறமாட்டார். ஆனால் அந்த நாளில் உதவித்தொகை நின்றுவிடக்கூடும்.

முதுநிலைப் பட்டத்தின் விலையையே ஆட்டிவைத்த ஒரு முயற்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் ஆன்லைன் வழியாகக் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. தொடங்கியபோது மொத்தச் செலவு 7,000 டாலருக்குள் இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே செமஸ்டருக்கு ஒரு பாடமாக எடுத்து முடிக்கலாம். நான்காம் ஆண்டு முடிந்ததும் வேலை காத்திருக்கும் ஒருவர், கல்லூரியிலேயே தங்கி ஐந்தாம் ஆண்டுக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டுமா என்று யோசிக்க இது நியாயமான காரணம். ஆய்வகத்தில் பேராசிரியரோடு உட்கார்ந்து ஆய்வேடு எழுத விரும்புகிறவருக்கு மட்டும் அந்த விலைக்குறைவு பெரிதாக உதவாது.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கணக்கில் இன்னொரு வரி கூடுகிறது. மாணவர் விசாவில் படிப்பவர் ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம் ‘ஓ.பி.டி.’ என்ற பணிப்பயிற்சி அனுமதி பெறலாம்; கணினி போன்ற துறைகளில் மேலும் 24 மாதம். இளநிலை முடித்து இடைவெளியின்றி முதுநிலைக்குள் நுழைகிறவர், இளநிலைக்கு உரிய அந்த அனுமதியைப் பயன்படுத்தாமலேயே கடந்துவிடுகிறார். மறுபக்கம் ஓர் ஆதாயமும் உண்டு. எச்-1பி பணி விசாவின் ஆண்டு ஒதுக்கீடு 65,000. அதற்கு மேல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களுக்கென்று 20,000 இடங்கள். எது நல்லது என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால் இதை மட்டுமே நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 1,96,567 பேர் முதுநிலையிலும் ஆய்வுப் படிப்பிலும் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் இங்கே இளநிலை முடித்து அங்கே எம்.எஸ். சேர்கிறவர்கள். மூன்றாண்டு பி.எஸ்ஸி. முடித்தவர்களைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் ஏற்கவில்லை. பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து 16 ஆண்டுப் படிப்பு வேண்டும் என்பது அவற்றின் விதி. பி.இ. படித்தவருக்கு அந்தக் கவலை இல்லை. அஞ்சு வருஷ எம்.எஸ்ஸி. படித்தவருக்கும் இல்லை.

அந்த அஞ்சு வருஷ எம்.எஸ்ஸி.தான் தமிழ்நாட்டில் கணினித் துறையின் சொந்தத் தொடர்படிப்பு. கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் கணிதத்தையும் கணிப்பியலையும் சேர்த்து நடத்தும் துறையில் இது வளர்ந்தது. சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ், தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் என்று இன்று பல கிளைகள். அதே ஊரில் சி.ஐ.டி. கல்லூரி, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் நேரே சேரலாம். ஒரு முழு செமஸ்டரை நிறுவனம் ஒன்றில் பிராஜெக்ட்டாகவே கழிப்பது இந்தப் படிப்புகளின் வழக்கம். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களின் பிளேஸ்மென்ட் குழுக்களுக்கு இந்தப் பட்டத்தின் தரம் நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் பெற்றோர்தாம். பொறியியல் கவுன்சலிங்குக்கு வெளியே தனி விண்ணப்பம் போட வேண்டிய படிப்பு என்பதால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் வீடுகளின் காதுக்கு இது பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை. பி.இ. கிடைக்காதவர்கள் படிப்பது என்று சொல்லி நல்ல கணிதத் திறமை உள்ள பிள்ளையைத் திருப்பிவிடுவதும் நடக்கிறது. இது வருத்தத்துக்குரியது. பள்ளித் தலைமையாசிரியர்கள் கட்-ஆஃப் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நாளிலேயே இந்தப் படிப்பைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம்.

அமெரிக்கத் திட்டங்களுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, முடிவெடுக்கும் வயது. அங்கே மாணவர் மூன்றாம் ஆண்டில், தனக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு விண்ணப்பிக்கிறார். இங்கே பதினேழு வயதிலேயே ஐந்து ஆண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறது. எந்தக் கிளையில் பி.டெக். சேர்ந்தவரும் மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்து, டேட்டா சயின்ஸ் போன்ற துறைகளில் எம்.டெக். சேர்த்து ஐந்தாண்டு இரட்டைப் பட்டமாக மாற்றிக்கொள்ளலாம். சிவிலில் சேர்ந்த மாணவி இரண்டு ஆண்டு கழித்துத் தன் நாட்டம் தரவில்தான் என்று கண்டுகொண்டால், அவளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மற்றக் கல்லூரிகளும் பின்பற்றத் தக்க ஏற்பாடு இது.

ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. இன்னும் கடினமான பாதையை வைத்திருக்கிறது. பி.டெக்.கோடு ஆய்வு வழி எம்.எஸ். பட்டத்தையும் சேர்த்து நடக்கும் அந்த ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வே உண்டு. ஆய்வேடு முடியாமல் பட்டம் கிடையாது. ஆகவே ஐந்து ஆண்டு என்பது சிலருக்கு அதற்கு மேலும் நீளும். அந்தக் காலத்தில் உடன் படித்த நான்காண்டு மாணவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மன அழுத்தம் உண்மையானது. சேரும்போதே மாணவரும் வீட்டாரும் அதைப் பேசிவிடுவது நல்லது.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆய்வோடு கூடிய நான்காண்டு இளநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுநிலைப் படிப்பை அனுமதிக்கிறது. அது பரவலாக நடைமுறைக்கு வந்தால், நான்காண்டு முடித்துவிட்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஆண்டைப் படிப்பதும் இங்கே சாத்தியமாகும். புதிய ஆசிரியர்கள், புதிய ஊர், வேறு பாணியில் சிந்திக்கும் ஆய்வகம் என்று ஒரே இடத்தில் தங்குகிறவர் இழப்பவை எல்லாம் அந்த வழியில் கிடைக்கும்.

அதுவரை, ஐந்தாண்டுப் படிப்பில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் வீடுகள் பார்க்க வேண்டியவை இரண்டு. கல்லூரியின் பாடத்திட்டத்தில் கடைசி இரண்டு செமஸ்டர்களின் பக்கத்தைத் திறந்து, அங்கே ஆய்வேடும் முதுநிலைத் தரத்துப் பாடங்களும் இருக்கின்றனவா, விருப்பப் பாடங்களை அடுக்கி நிரப்பியிருக்கிறார்களா என்று பார்ப்பது ஒன்று. நடுவில் நிறுத்த நேர்ந்தால் எந்தப் பட்டம் கையில் கிடைக்கும் என்பது இரண்டாவது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், மூன்றாம் ஆண்டு முடிவில் வேலைக்குப் போக வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரலாம். சில இடங்களில் அப்போது ஓர் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வர முடியும்; சில இடங்களில் முடியாது. சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.