அச்சு முறிந்தாலும் சக்கரம் கழலக் கூடாது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரிலிருந்து வடமேற்கே நீளும் உட்வர்ட் சாலையில் ஆகஸ்ட் மாதம் பழைய கார்களின் உலா நடைபெறும். 1995-இல் தொடங்கிய இந்த உலாவில் மக்களின் கண்களை அதிகம் ஈர்ப்பவை ‘மசில் கார்’கள். நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, பின்சக்கரங்களால் உந்தப்படும் வாகனங்கள் இவை. 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வை இந்த வகையின் முன்னோடி என்பார்கள்.

இவற்றுள் பல காட்சிப் பொருள்கள் அல்ல. உரிமையாளர்கள் இவற்றில்தான் நாள்தோறும் அலுவலகம் செல்கிறார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஆசை அத்துடன் நிற்பதில்லை. எஞ்சினைத் திருத்தி, சூப்பர்சார்ஜர் பொருத்தி, ஆற்றலை ஒன்றரை மடங்காக்குகிறார்கள். பிறகுதான் பின் அச்சின் நினைவு வருகிறது. இயந்திரப் பொறியாளன் என்பதால் என்னிடம் வந்து, ‘இந்த அச்சு எத்தனை குதிரைத்திறனைத் தாங்கும்?’ என்று கேட்கிறார்கள். விற்பனைப் பட்டியல்களும் குதிரைத்திறனைக் கொண்டே அச்சுகளை வகைப்படுத்துகின்றன. கேள்வியே பிழையானது என்பது என் கருத்து.

இந்தியாவில் இன்று விற்பனையாகும் சிறிய கார்களுள் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் உந்தப்படுபவை. ஆகவே பின் அச்சைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சி, கியர் பெட்டியைக் கடந்து நீண்ட தண்டின் வழியே பின்னால் வருகிறது. அங்கே பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனுடன் இணைந்த டிஃபரன்ஷியலிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு எஃகுத் தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. நம் பேச்சு இந்தத் தண்டுகளைப் பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டு. 1980-களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்ட் மஸ்டாங் காரின் 5 லிட்டர் எஞ்சின் 225 குதிரைத்திறனும், ஏறத்தாழ 407 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. முதல் கியரின் விகிதம் 3.35, பின் அச்சின் விகிதம் 3.08. இவற்றைப் பெருக்கினால் அச்சில் 4,200 நியூட்டன் மீட்டர் வரும். எஞ்சினைத் தொடாமல் அச்சு விகிதத்தை மட்டும் 3.73 ஆக மாற்றினாலே இது 5,000-ஐத் தாண்டும். குதிரைத்திறனோ 225-லேயே நிற்கும்.

இந்த விசை முழுவதும் தண்டுக்கு வந்து சேருமா என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. ஒன்றரை டன்னை நெருங்கும் அந்தக் கார் சீறிக் கிளம்பும்போது பின்சக்கரங்களின் மீது சுமார் 800 கிலோ எடை அமரும் என்று கொள்வோம். சாதாரணச் சாலை டயரின் பிடிப்பைக் கணக்கிட்டால், இரு சக்கரங்களும் சேர்ந்து 2,300 நியூட்டன் மீட்டர் அளவுக்கே தாங்கும். அதற்கு மேல் டயர் வழுக்கிச் சுழலும், புகை வரும், தண்டு பிழைத்துக்கொள்ளும். வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது. பந்தயத்துக்கான ஒட்டும் டயரை மாட்டினாலோ, அதே காரில் தண்டின் மீது வரும் சுமை இரு மடங்கை நெருங்கிவிடும். ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியைக் கட்டுவதற்கு ஒப்பானது இது.

அதிர்ச்சிச் சுமையையும் மறந்துவிடலாகாது. கிளட்ச்சைச் சட்டென்று விடுவதால் வரும் அடி, தானியங்கி கியர் உள்ள காரில் வருவதைவிடக் கடுமையானது. டயர் வழுக்கியும் பிடித்தும் குதிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு குதிப்பும் தண்டுக்குச் சம்மட்டி அடி. பின் அச்சைத் தாங்கும் கைகளின் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவதே பல வேளைகளில் புதிய தண்டைவிட மலிவான மருந்து.

அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது தமிழருக்குப் பழைய செய்தி. ஆனால் நாள்தோறும் ஓடும் காரில், அளவுக்கு உட்பட்ட சுமையும் அச்சை முறிக்கும். மஸ்டாங் போன்ற கார்களில் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு காரின் எடையையும் சுமக்கிறது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒரு முறை இப்படியும் அப்படியும் வளைந்து நிமிர்கிறது. டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் நாளொன்றுக்கு 60 கி.மீ. பயணத்தில் 30,000 முறை. ஆண்டில் 250 வேலை நாள்களில் 75 லட்சம் முறை. பந்தயத் தடத்தில் கால் மைல் ஓடிவிட்டு வண்டியைக் கொட்டகையில் நிறுத்துபவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அலுவலகம் செல்பவருக்குத் தேவை. உலோகச் சோர்வால் முறிந்த தண்டின் முகத்தில், ஈர மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வளைவுகளைக் காணலாம். விரிசல் பல மாதங்களாக வளர்ந்ததற்கான சாட்சி அது. சக்கரத்தை வெளியே துருத்தி நிற்கச் செய்யும் அகன்ற ரிம்களை மாட்டுபவர்கள் இந்த வளைவுச் சுமையை மேலும் கூட்டுகிறார்கள்.

இனி, தண்டின் பருமன். தண்டின் உள்முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களை ஸ்ப்ளைன் என்பார்கள். அந்த மஸ்டாங்கின் தண்டில் 28 பற்கள். மாற்றாகக் கிடைப்பவை 31, 35 பற்கள் கொண்டவை. பற்களின் அளவு ஒன்றே என்பதால் எண்ணிக்கை கூடினால் தண்டு தடிக்கிறது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 28-இலிருந்து 31-க்கு மாறினால் ஏறத்தாழ 36 சதவீத வலிமை கூடும்; 35-க்குச் சென்றால் வலிமை இரு மடங்கை நெருங்கும். ஆனால் தண்டை மட்டும் மாற்ற இயலாது. டிஃபரன்ஷியலின் உள்ளிருக்கும் பற்சக்கரங்களும் அதே எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும். புதிய தண்டுகளில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட் இருந்தால், நான்கு போல்ட் கொண்ட பழைய மஸ்டாங்கில் ரிம், பிரேக் வரை செலவு நீளும்.

எஃகின் தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. விமானங்களின் தரையிறங்கும் கால்களுக்குப் பயன்படும் 300 எம் என்ற கலப்பு எஃகில் தண்டு வாங்கிவிட்டேன் என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் ஓடும் காருக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. அந்த மஸ்டாங்கில் வெளிப்புற பேரிங்கின் உருளைகள் தண்டின் மேற்பரப்பின் மீதே உருள்கின்றன. அந்த இடம் மிகக் கடினமாக இல்லாவிட்டால் விரைவில் தேய்ந்துவிடும். மேற்பரப்பை மட்டும் மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் கடினப்படுத்தி, உள்ளே மீள்தன்மையை விட்டுவைத்த கார்பன் எஃகுத் தண்டே இங்கே ஏற்றது.

எல்லாவற்றிலும் முதன்மையானதாக நான் கருதுவது, சக்கரத்தைக் காரோடு பிடித்துவைத்திருப்பது எது என்ற கேள்வி. நம் நெடுஞ்சாலைகளில் ‘ஆக்சில் கட்’ ஆகி ஓரமாக நிற்கும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அதன் சக்கரங்கள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். லாரியில் எடையைச் சுமப்பது அச்சுக்கூட்டின் மீதுள்ள பேரிங்குகள். தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. முறிந்த தண்டை உருவியெடுத்தாலும் லாரி அசையாமல் நிற்கும். மஸ்டாங்கின் 8.8 அங்குல அச்சிலும், செவர்லேயின் 12 போல்ட் அச்சிலும் நிலைமை வேறு. தண்டின் உள்முனையில், ‘சி’ எழுத்தின் வடிவிலுள்ள சிறு வளையம் ஒன்றே தண்டை வெளியேறாமல் தடுக்கிறது. அதற்கு வெளியே எந்த இடத்தில் முறிந்தாலும், மீதித் தண்டு சக்கரத்தோடு சேர்ந்து நழுவி வெளியே வரலாம். டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் பிடி ஓரளவு தடுக்கும். பழைய டிரம் பிரேக்கில் அந்தத் தடையும் இல்லை. கழன்ற சக்கரம் பக்கத்துத் தடத்தில் வருபவர் மீது பாயும். சொந்தக் காரில் பணத்தைக் கொட்டுவது ஒருவரின் உரிமை. அந்த இன்னொருவரின் உயிருக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு.

1957-இல் அறிமுகமான ஃபோர்டின் 9 அங்குல அச்சில் இந்த அபாயம் குறைவு. அதில் வெளிப்புற பேரிங் தண்டோடு இறுகப் பொருத்தப்பட்டு, ஒரு தகட்டின் மூலம் கூட்டின் முனையில் போல்ட் போட்டு மூடப்படுகிறது. உள்ளே தண்டு முறிந்தாலும் சக்கரம் நிற்கும். பேரிங்குக்கு வெளியே, விளிம்பை ஒட்டி முறிந்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது. தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிகளும் கால் மைலை 10.99 வினாடி அல்லது அதற்குள் கடக்கும் கார்களுக்குத் தனித் தண்டுகளையும், தண்டைப் பிடித்துவைக்கும் கருவியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

அப்படியானால் 9 அங்குல அச்சையே வாங்கிவிடலாமே என்றால், அதன் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு வெகு கீழே அமைந்திருப்பதால் உராய்வு இழப்பு அதிகம்; எரிபொருள் செலவில் அது தெரியும். 8.8 அச்சிலேயே ‘சி’ வளையத்தை நீக்கிவிட்டு, போல்ட் போட்டு மாட்டும் மாற்றுத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பந்தயக் காருக்கு அவை சரி. ஆனால் மழையிலும், குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையிலும் ஓடும் காரில் அவற்றின் சிறிய பேரிங்குகள் வளைவுகளின் பக்கச் சுமையால் விரைவில் தேய்கின்றன. எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைக்கிறது. கூட்டின் முனைகளை வெட்டிவிட்டு, பெரிய பேரிங் ஏற்கும் முனைகளைப் பற்றவைப்பதே நிலையான வழி. கோணம் பிசகாமல் பற்றவைக்கத் தெரிந்த பட்டறை அதற்கு வேண்டும்.

என்னோடு பணியாற்றும் ஒருவர் 35 பற்கள் கொண்ட தண்டுகளையும், ஸ்பூல் எனப்படும் கட்டையையும் வாங்க முனைந்தார். ஸ்பூல் டிஃபரன்ஷியலையே நீக்கி இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நேர்ப்பாதையில் நல்லது, திருப்பத்தில் உள்சக்கரம் தேய்ந்து இழுபடும், தண்டுகள் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கேறும். ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் முழுச் சுமையும் மற்ற தண்டின் மீது விழும். அவர் நாள்தோறும் 50 கி.மீ. ஓட்டுபவர், சாலை டயரைத்தான் பயன்படுத்துகிறார். 31 பற்கள் கொண்ட கார்பன் எஃகுத் தண்டுகள், அவற்றுக்குப் பொருந்தும் சாய்பல் வகை டிஃபரன்ஷியல், பெரிய பேரிங் முனைகள் என்று எழுதிக் கொடுத்தேன். வேகம் ஒரு நொடிகூடக் கூடாதே என்று முகம் சுளித்தார்; பிறகு அப்படியே செய்தார். கழற்றிய பழைய தண்டுகளை மேசை மீது வைத்துப் பார்த்தோம். வலப்பக்கத் தண்டின் பற்கள் நேராக இல்லாமல், கயிற்றின் புரியைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கேறியிருந்தன.