கல்யாண ஆல்பம் சொல்லாதது

கணவரையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பான்சர் செய்யும்போது நம்ம ஆட்கள் முதலில் தேடுவது கல்யாண ஆல்பத்தை. கல்யாணம் நடந்ததைக் காட்டத்தான் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே! அதிகாரி பார்ப்பது வேறு.

குடிவரவு விதிமுறைகளின் 4ஆம் பிரிவில் இரண்டு கேள்விகள். கல்யாணம் செய்ததன் முக்கிய நோக்கமே குடியேறுவதா? இது கல்யாணத்தப்போ இருந்த மனசைப் பற்றியது. உறவு உண்மையானதா? இது இன்றைய நிலை. 2010 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றில் சறுக்கினாலே நிராகரிக்கலாம். ஆக, இரண்டு காலத்துக்கும் ஆதாரம் வேணும்.

பெரியவங்க பேசி முடித்த கல்யாணத்தில் முதல் கேள்விதான் சிக்கல். வரன் யார் மூலமாக வந்தது, ஜாதகம் எப்போது பார்த்தார்கள், நிச்சயம் முடிந்து மூணே வாரத்தில் ஏன் தாலி கட்டினார்கள் என்பதெல்லாம் நமக்குச் சொல்லாமலே புரியும். அதிகாரிக்குப் புரியணும்னு கட்டாயமில்லை. தேதி போட்டு விளக்கிக் கடிதம் எழுதுங்கள். அந்த நாட்களில் இரு வீட்டாரும் அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளை அழிச்சிடாதீங்க.

இரண்டாவதுக்கு விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, பணம் அனுப்பிய ரசீது. படம் 20, சாட் 10 பக்கம் என்று செக்லிஸ்ட்டே வரம்பு வைக்கிறது. ஒரே வாரத்து ‘சாப்டியா’க்களை அடுக்காமல், மாதம் ஒன்றாகப் பொறுக்கி எடுங்கள். தமிழில் உள்ளதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்கணும். அதைக் குடும்பத்தார் செய்யக்கூடாது.